எவர் பொறுப்பிலும் இல்லாத ஒரு தீப்பொறி

எரிபொருள் நிரப்பும்போது ஒரு படகு தீப்பற்றினால், காரணம் பெரும்பாலும் அன்று மாலைக்குள்ளேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பீடி, மின்கசிவு, கவனக்குறைவு என்ற மூன்றில் ஏதாவது ஒன்று. மூன்றும் நடக்கக்கூடியவைதாம். ஆனால் நான்காவதாக ஒரு காரணம் உண்டு. பீடி எரிந்தால் துண்டு கிடக்கும். கம்பி உருகினால் அதன் தடம் இருக்கும். நிலைமின்சாரத்தால் எழும் பொறியோ கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்குக்குள் தோன்றி மறைந்துவிடும். அது பிறந்த இடத்தையும் தீ விழுங்கிவிடும். தடயம் விடாத காரணத்திற்கு விசாரணைத் தாளில் இடம் கிடைப்பது கடினம். வெற்றிடமாக நிற்கும் அந்தக் கட்டத்தை இறந்தவரின் நடத்தையைக் கொண்டு நிரப்புவது எளிது.

நிலைமின்சாரம் பற்றிய அறிவு இந்தியாவில் இல்லாமல் இல்லை. எண்ணெய்த் துறைமுகங்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் விமான நிலையங்களிலும் அது அன்றாட நடைமுறையாகவே இருக்கிறது. விமானத்திற்கு எரிபொருள் நிரப்பும் வண்டி முதலில் ஒரு கம்பியால் விமானத்துடன் இணைக்கப்படுகிறது. பிறகே குழாய் திறக்கப்படுகிறது. அதே அறிவு முப்பதடி ஃபைபர் படகின் எரிபொருள் தொட்டியருகே வந்து சேரவில்லை. வராததற்கு இயற்பியலின் சிக்கல் காரணமன்று. அந்தத் தொட்டியின் வாய் எந்தப் பாடத்துறையின் எல்லைக்குள்ளும், எந்தத் துறை அலுவலகத்தின் கோப்புக்குள்ளும் முழுமையாக விழவில்லை என்பதே காரணம்.

முதலில் இயற்பியல். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகிய மூன்றும் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்துபவை. அவை குழாயின் சுவரை உரசிக்கொண்டு ஓடும்போது ஒருவகை மின்னூட்டம் திரவத்திலும் எதிர்வகை சுவரிலும் பிரிந்து சேர்கின்றன. வடிகட்டி வழியாகச் சென்றால் உரசும் பரப்பு பெருகி, மின்னூட்டமும் பல மடங்காகிறது. எரிபொருளில் நீர்த்துளிகள் கலந்திருந்தாலும், உயரத்திலிருந்து கொட்டித் தெறிக்கவிட்டாலும் நிலைமை மோசமாகிறது. திரவத்தில் சேர்ந்த மின்னூட்டம் எவ்வளவு நேரத்தில் வடியும் என்பது அதன் மின்கடத்துதிறனைப் பொறுத்தது. கடத்துதிறன் மீட்டருக்கு 50 பிகோசீமென்ஸ் என்றால் அரை நொடிக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். அதுவே 1 பிகோசீமென்ஸ் என்றால் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதற்கே ஏறத்தாழ 18 நொடிகள் ஆகும். எண்ணெய்க் கப்பல்களுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு வழிகாட்டி அந்த 50 என்ற எண்ணையே எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழுள்ள எண்ணெய்களை நிலைமின்னைத் தேக்கி வைப்பவை என்று வகைப்படுத்துகிறது. அத்தகைய எண்ணெயை ஏற்றத் தொடங்கும்போது குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றும், ஏற்றி முடித்தபின் 30 நிமிடங்கள் கழியும் முன் தொட்டிக்குள் உலோக அளவுகோலை இறக்கக் கூடாது என்றும் அது விதிக்கிறது.

சிறு படகில் திரவம் குறைவு, ஓட்டமும் மெதுவானது. எனவே திரவத்தின் மேற்பரப்பிலிருந்தே பொறி பாய்வது அங்கே முதன்மை ஆபத்தன்று. அங்குள்ள ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, எதனோடும் இணைக்கப்படாமல் தனித்து நிற்கும் உலோகத் துண்டு. மற்றொன்று, மனித உடல்.

இவற்றின் அளவை ஒரு பள்ளிக் கணக்கே காட்டிவிடும். பெட்ரோல் ஆவியும் காற்றும் ஏற்ற விகிதத்தில் கலந்திருக்கையில் அதைப் பற்றவைக்க ஏறத்தாழ கால் மில்லிஜூல் ஆற்றல் போதும். ஓர் அரிசியை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவுதான். மனித உடலின் மின்தேக்குத்திறன் சுமார் 150 பிகோஃபாரட். செயற்கை இழை ஆடையுடன் மின்காப்புப் பரப்பில் நடப்பவரின் உடலில் 10,000 வோல்ட் ஏறுவது வியப்பிற்குரியதன்று. அந்நிலையில் உடலில் தேங்கியிருக்கும் ஆற்றல் 7.5 மில்லிஜூல், தேவையானதைப்போல் முப்பது மடங்கு. உடலில் 2,000 வோல்ட் மட்டுமே இருந்தாலும் 0.3 மில்லிஜூல் இருக்கும். பொறி பாய்வதை மனிதத் தோல் உணரத் தொடங்குவதே ஏறத்தாழ 3,000 வோல்ட் அளவில்தான். ஆகவே தொட்டவருக்கே தெரியாத ஒரு பொறி தீயை மூட்டிவிட முடியும். 'ஒன்றும் உணரவில்லையே' என்ற சாட்சியம் இங்கே எதையும் மெய்ப்பிக்காது. உலோகப் புனலுக்கும் இதே கணக்குத்தான். பிளாஸ்டிக் கேனின் வாயில் செருகப்பட்ட 20 பிகோஃபாரட் திறனுள்ள சிறிய தகரப் புனலில் 6,000 வோல்ட் ஏறினால் 0.36 மில்லிஜூல் தேங்கும்.

பொறி மட்டும் இருந்தால் போதாது. ஆவியும் காற்றும் ஏற்ற விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். பெட்ரோலுக்கு அந்த வரம்பு கனஅளவில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடு வரை. மூடிய தொட்டியில் நிறையப் பெட்ரோல் இருந்தால், இந்திய வெப்பநிலையில் ஆவி இந்த வரம்பைத் தாண்டிச் செறிந்துவிடும். காற்று போதாமல் பற்றாது. மண்ணெண்ணெய்த் தொட்டியிலோ, சூடேறாத வரை, ஆவி போதாமல் பற்றாது. தனித்தனியாக இரண்டுக்கும் ஓரளவு இயற்கையான காவல் உண்டு. இரண்டும் ஒரே கலத்தில் சந்திக்கும்போதுதான் இரண்டு காவலும் ஒருசேர விலகுகின்றன. பெட்ரோல் இருந்து காலியான கேனில் மண்ணெண்ணெயை ஊற்றினால், மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து சரியாக நடு வரம்பில் வந்து நிற்கக்கூடும். அதே நேரத்தில் கடத்துதிறன் குறைந்த மண்ணெண்ணெய் மின்னூட்டத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. எண்ணெய் ஏற்றும் நிலையங்களில் நடந்த நிலைமின் வெடிப்புகளில் நெடுங்காலமாக முதன்மையாகச் சுட்டப்படுவது இந்தக் கலம் மாற்றி நிரப்பும் முறையே.

இந்த இடத்தில் கேரளக் கடற்கரையை நினைவுகூராமல் இருக்க முடியாது. 1980களின் தொடக்கம் முதல் அங்கே வள்ளங்களில் அவுட்போர்டு எஞ்சின்கள் பரவின. அவற்றில் பெரும்பகுதி மண்ணெண்ணெயில் ஓடுபவை; ஆனால் குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலில் தொடங்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்த எஞ்சினின் வடிவமைப்பிலேயே உள்ள நடைமுறை. ஆகவே ஒரே வள்ளத்தில் இரண்டு எரிபொருள்கள், அருகருகே, பெரும்பாலும் ஒரே வகையான பிளாஸ்டிக் கேன்களில், ஒரே புனலோடு இருக்கின்றன. எண்ணெய் நிலையங்கள் எதை அஞ்சி விதிகளை எழுதினவோ, அதன் சிற்றுருவம் ஒவ்வொரு விடியலிலும் கரையோரத்தில் அரங்கேறுகிறது. எரிபொருள் மானியம் பற்றியும் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு பற்றியும் ஏராளமான ஆய்வுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மண்ணெண்ணெய் கேனிலிருந்து தொட்டிக்குள் விழும் சில நொடிகளும் ஆய்வுப் பொருளாகும் தகுதி உடையவை.

டீசல் ஆபத்தற்றது என்ற நம்பிக்கையும் சற்று ஆய்வுக்குரியது. கடலில் உயிர்ப் பாதுகாப்பிற்கான பன்னாட்டு உடன்படிக்கை, கப்பலில் பயன்படும் எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை பொதுவாக 60 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்கிறது. இந்தியச் சாலை வண்டிகளுக்கான டீசலின் தர அளவையில் குறைந்தபட்ச வரம்பு 35 பாகை. அது கீழ்வரம்பே, விற்கப்படும் டீசல் அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் பற்றுவதாகவும் இருக்கலாம். ஆயினும் துறைமுக பங்கிலிருந்து விசைப்படகு வாங்குவது கப்பல் எரிபொருளை அன்று, சாலை டீசலைத்தான். சித்திரை வெயிலில் காயும் படகுத் தளமும், எஞ்சின் அறையின் வெக்கையும் 35 பாகைக்கு மேலே எளிதில் செல்பவை. கப்பலுக்கு எழுதப்பட்ட நிம்மதியைப் படகுக்குக் கடன் கொடுக்க முடியாது.

இனிப் படகு. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் முதல், இந்தியக் கடற்கரையின் இயந்திரமயமாக்கம் மீன்பிடிப்பின் அளவையும் கடற்கரைச் சமூகத்தின் உறவுகளையும் எப்படி மாற்றியது என்பது நன்கு ஆராயப்பட்ட பொருள். அதே மாற்றத்தோடு படகின் உடலும் மாறியது. கட்டுமரமும் மரப்படகும் விலகிய பல இடங்களில் கண்ணாடியிழைப் படகு வந்தது. அது இலகுவானது, அழுகாதது, பழுது பார்க்க எளிது. மீனவர் அதை ஏற்றுக்கொண்டது முற்றிலும் நியாயமானது. ஆனால் கண்ணாடியிழை மிகச் சிறந்த மின்காப்புப் பொருள். அந்தப் படகில் தொட்டியின் உலோக மூடி, உலோக இணைப்பான், உலோகத் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் ரப்பர்க் குழாயாலும் கண்ணாடியிழையாலும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டு, தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. ஒவ்வொரு தீவும் மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு சிறு கலம். பக்கத்தில் வரும் குழாய்முனையோ விரல்நுனியோ அதன் வடிகால்.

இதற்கு ஒப்பான ஒரு பாடம் கரையிலேயே கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1990களில், சிறு சரக்கு வண்டிகளின் பின்தளத்தில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பியபோது தீ விபத்துகள் நேர்ந்தன. கேனில் சேர்ந்த மின்னூட்டம் தரைக்கு இறங்க விரிப்பு வழிவிடவில்லை. குழாய்முனை கேனின் வாயை நெருங்கியபோது பொறி பாய்ந்தது. அந்நாட்டுத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இல் வெளியிட்ட எச்சரிக்கையின் சாரம் எளிமையானது: கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வை, குழாய்முனை கேனைத் தொட்டபடி இருக்க நிரப்பு. கண்ணாடியிழைப் படகின் தளம் அந்த பிளாஸ்டிக் விரிப்பின் பெரிய வடிவமே. வேறுபாடு, படகில் இருப்பவருக்கு இறங்கி ஓடத் தரை இல்லை.

இதற்கெல்லாம் மறுப்பாகப் பொதுவாக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. இரண்டும் படித்தவர்களிடமிருந்தே வருவதால் கவனத்திற்குரியவை.

முதல் வாதம்: கடற்கரையில் ஈரப்பதம் மிகுதி, நிலைமின்சாரம் வறண்ட, குளிர் நாடுகளின் சிக்கல். இதில் பாதி உண்மை உண்டு. ஈரக் காற்றில் துணி, தோல், பிளாஸ்டிக் ஆகியவற்றின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படிந்து மின்னூட்டத்தை வடிக்கிறது. ஆகவே உடலில் ஏறும் மின்னழுத்தம் கடற்கரையில் குறையும். ஆனால் குழாய்க்குள் ஓடும் எண்ணெய்க்கு வெளிக்காற்றின் ஈரப்பதம் தெரியாது. அதில் மின்னூட்டம் பிறப்பதும் வடிவதும் எண்ணெயின் கடத்துதிறனைப் பொறுத்தவை. மேலும் எண்ணெய் படிந்த மேற்பரப்பில் நீர்ப்படலம் ஒட்டுவதில்லை. குசராத், மகாராட்டிரக் கரைகளில் குளிர்கால முற்பகலில் நிலத்திலிருந்து வீசும் காற்று கடலோரத்தையும் உலர்த்தக்கூடியது. ஈரப்பதம் ஆபத்தின் அளவைக் குறைக்கும் ஓர் உதவி. அதைக் காப்பு என்று எண்ணிக்கொள்வது பிழை.

இரண்டாம் வாதம்: படகு நிற்பதே உப்புநீரில், இதைவிடச் சிறந்த புவித்தொடுப்பு வேறேது? இரும்புக் கப்பலுக்கு இது முழு உண்மை. அதன் உடலே கடலோடு இணைந்த கடத்தி. கண்ணாடியிழைப் படகிற்கு இது பொருந்தாது. தொட்டிக்கும் கடலுக்கும் நடுவே படகின் சுவரே மின்காப்பாக நிற்கிறது. நீர் எவ்வளவு அருகில் இருந்தாலும், அதோடு இணைக்கும் கம்பி இல்லையேல் அது நூறு மைல் தொலைவில் இருப்பதற்குச் சமம்.

கடலில் நிலைமின்சாரம் எவ்வளவு பெரிய பேரிடரை விளைவிக்கும் என்பதை 1969 திசம்பர் காட்டியது. அந்த ஒரே மாதத்தில், மூன்று வாரங்களுக்குள், மார்ப்பெசா, மாக்ட்ரா, காங் ஹாகோன் ஏழு என்ற மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கடல்களில் வெடித்தன. மூன்றும் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தவை. மூன்றிலும் தொட்டிகள் கழுவப்பட்டுக்கொண்டிருந்தன. மார்ப்பெசா மூழ்கியது. விரிவான ஆய்வுகளின் முடிவில் மிக ஏற்புடைய விளக்கமாக முன்வைக்கப்பட்டது நிலைமின்சாரம். கழுவும் இயந்திரங்களின் வலிய நீர்த்தாரைகள் தொட்டி முழுவதும் மின்னூட்டம் பெற்ற பனிமூட்டத்தை எழுப்பியிருந்தன. இதன் விளைவாகத் தொட்டிகளில் உயிர்வளியைக் குறைத்து மந்த வாயுவை நிரப்பும் ஏற்பாடு, 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை வழியாகவும் 1978இன் கூடுதல் நெறிமுறை வழியாகவும் பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது அறிவியலின் திறமையை மட்டுமன்று. எரிந்தவை மாபெரும் கப்பல்கள். அவற்றின் பின்னே பெரிய நிறுவனங்களும் காப்பீட்டாளர்களும் இருந்தனர். ஆகவே 'மாலுமி புகைத்திருப்பான்' என்ற விளக்கத்தோடு எவரும் நிறைவடையவில்லை. சோதனைத் தொட்டிகள் கட்டப்பட்டன, மின்புலங்கள் அளக்கப்பட்டன, பன்னாட்டு விதிகள் திருத்தப்பட்டன. தடயம் விடாத காரணத்தையும் தேடிக் கண்டடைய முடியும் என்பதற்கு அது சான்று. தேடுவதற்கு ஒருவர் செலவிடத் துணிய வேண்டும், அவ்வளவே. ஒரு வள்ளம் எரியும்போது அந்தச் செலவைச் செய்ய எவரும் முன்வருவதில்லை.

சட்டத்தின் பக்கம் திரும்பினால், இடைவெளி எங்கே இருக்கிறது என்பது துலங்குகிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் 'இயங்கு ஊர்தி' என்பதற்குத் தரும் வரையறையிலேயே நீரில் செல்லும் கலமும் அடங்கும். ஆனால் அதே சட்டம், பதிவு விதிகளுக்கு உட்பட்ட ஊர்தியின் எரிபொருள் தொட்டியில் உள்ள எண்ணெய்க்கு உரிமம் தேவையில்லை என விலக்களிக்கிறது. நடைமுறைக்கு இது இன்றியமையாத விலக்கு. ஒவ்வொரு தொட்டிக்கும் உரிமம் கேட்க முடியாது. ஆயினும் உரிமம் இல்லாத இடத்திற்கு ஆய்வாளரின் கண்ணும் வருவதில்லை. 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள் கிடங்கையும் பங்கையும் எண்ணெய் வண்டியையும் நுணுக்கமாக வரையறுக்கின்றன. அவற்றின் பார்வை பங்கின் குழாய்முனையோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மறுபுறம், 1980இல் கேரளத்திலும் அடுத்தடுத்துப் பிற மாநிலங்களிலும் இயற்றப்பட்ட கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களின் கவலை, யார் எங்கே எந்த வலையால் பிடிக்கலாம் என்பது. நிலைமின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 7689 என்ற வழிகாட்டி உள்ளது. அது ஆலையை நோக்கி எழுதப்பட்டது. குழாய்முனைக்கும் தொட்டியின் வாய்க்கும் இடைப்பட்ட அந்த ஒரு சாண் தூரம் கரைச் சட்டத்திற்கும் கடல் சட்டத்திற்கும் நடுவே விழுந்துகிடக்கிறது.

'பாதுகாப்பு' என்ற தமிழ்ச் சொல் இங்கே ஒரு மயக்கத்திற்கும் துணைபோகிறது. பகைவரிடமிருந்து காப்பதும் விபத்திலிருந்து காப்பதும் தமிழில் ஒரே சொல். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்குப் பயங்கரவாதிகள் கடல் வழியே வந்தபின், இந்தியா முழுவதும் மீன்பிடிப் படகுகளின் பதிவு இறுக்கப்பட்டது. மாநிலம்தோறும் படகிற்கு வண்ணக் குறியீடு வந்தது. மீனவருக்கு அடையாள அட்டை வந்தது. 'கடலோரப் பாதுகாப்பு' என்ற சொல் ஆட்சிமொழியில் நிலைபெற்றது. படகுகளைப் பதிந்து, எண்ணி, கண்காணிக்கும் வல்லமை அரசுக்கு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்தப் பதிவுக் கண்காணிப்பு படகால் நாட்டிற்கு வரக்கூடிய ஆபத்தைப் பார்க்கிறது. படகிலிருப்பவருக்குப் படகால் வரக்கூடிய ஆபத்தைப் பார்க்கவும் அதே ஏற்பாட்டைப் பயன்படுத்தலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கடல் மீன்பிடிப்பில் இருந்த கலங்கள் 1,94,490. அவற்றில் 37 விழுக்காடு விசைப்படகுகள், 37 விழுக்காடு எஞ்சின் பொருத்திய சிறு கலங்கள். நான்கில் ஏறத்தாழ மூன்று கலங்களில் எரிபொருள் இருந்தது என்பதே இதன் பொருள்.

இதற்கிடையில் எரிபொருளும் மாறிவருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 தர எரிபொருள் நடைமுறைக்கு வந்தபோது, கந்தகத்தின் மேல்வரம்பு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. காற்றுக்கு இது நன்மை. ஆனால் கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் செயல்முறை, எண்ணெய்க்குச் சிறிதளவு கடத்துதிறனைத் தந்துகொண்டிருந்த நுண்கலப்புகளையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. கடத்துதிறனை மீட்கும் சேர்மானம் கலக்கப்படாவிட்டால், தூய டீசலே மின்னூட்டத்தை நெடுநேரம் தேக்கி வைக்கும் டீசலாகவும் ஆகிறது. பெட்ரோலில் நிலைமை நேர்மாறு. எத்தனால் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் திரவத்தின் மின்னூட்டம் விரைவாகவே வடியும். ஆயினும் பிளாஸ்டிக் கேனின் வெளிப்பரப்பிலும் மனித உடலிலும் ஏறும் மின்னூட்டத்தை எத்தனால் தொடுவதில்லை. தொட்டிக்குள் புகும் நீரோடு எத்தனால் பிரிந்து அடியில் தங்கினால் துருவும் எஞ்சின் கோளாறும் தனி. எரிபொருள் கொள்கை காற்றையும் இறக்குமதிச் செலவையும் எண்ணி வகுக்கப்படுகையில், அதன் கடைசிப் பயனர் மின்காப்புத் தளத்தில் நின்று கேனைக் கவிழ்ப்பவர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கைப் பலகைகள் எதைச் சொல்கின்றன என்பதும் ஆராயத் தக்கது. இந்தியாவின் பங்குகளில் கைபேசிக்குத் தடை பெரிய எழுத்தில் இருக்கிறது. எரிபொருள் நிரப்புகையில் நேர்ந்த தீ நிகழ்வுகளைத் தொகுத்த அமெரிக்கப் பெட்ரோலியக் கருவியாளர் நிறுவனத்தின் பதிவுகளில், நிலைமின்சாரத்தைக் காரணமாகச் சுட்டும் நிகழ்வுகள் பல உண்டு. கைபேசியே காரணம் என்று உறுதிப்பட்ட ஒன்றைக்கூட அந்நிறுவனத்தால் ஆவணப்படுத்த இயலவில்லை. கைபேசியைத் தவிர்ப்பதால் தீங்கில்லை. கவனச் சிதறலேனும் குறையும். ஆனால் பலகையில் இடம் சிறிது. அதை நிரப்ப வேண்டிய வரிகள் வேறு: கேனைத் தரையில் வை, முதலில் உலோகத்தைத் தொட்டுவிட்டு மூடியைத் திற, குழாய்முனை வாயைத் தொட்டிருக்கட்டும், பெட்ரோல் கேனில் மண்ணெண்ணெய் ஊற்றாதே. இவை மலையாளத்திலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் தமிழிலும் துறைமுகச் சுவர்களில் எழுதப்பட வேண்டியவை.

தீர்வுகளின் எளிமைதான் இந்தப் புறக்கணிப்பை மன்னிக்க முடியாததாக்குகிறது. நிரப்பும் வாயின் உலோகம், தொட்டி, இணைப்பான்கள் ஆகியவற்றை ஒரு செப்புக் கம்பியால் இணைத்து, படகின் அடியில் நீரில் படும் ஓர் உலோகத் தகட்டோடு சேர்த்தால் தீவுகள் எல்லாம் ஒரே நிலமாகிவிடும். எஞ்சின் உள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் படகுகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதி இதையே கேட்கிறது: எரிபொருளைத் தொடும் ஒவ்வோர் உலோகப் பகுதிக்கும் படகின் புவித்தொடுப்புக்கும் இடையே மின்தடை 100 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க எந்தத் தொழிற்பயிற்சி மாணவரிடமும் இருக்கும் மல்ட்டிமீட்டர் போதும். பதிவுக்காகவோ புதுப்பித்தலுக்காகவோ படகைப் பார்வையிடும் அலுவலர் இரண்டு முனைகளை வைத்து ஓர் எண்ணைக் குறிக்க ஐந்து நிமிடம் ஆகாது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்சய சம்பதா திட்டம் புதிய படகுகளுக்கும் மீனவர் பாதுகாப்புக் கருவிகளுக்கும் உதவி தருகிறது. அரசுப் பணம் செல்லும் ஒவ்வொரு கண்ணாடியிழைப் படகிலும் அந்தக் கம்பி இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அந்தச் செலவு படகு கட்டுபவர் மீதும் மானியம் தருபவர் மீதும் விழ வேண்டும், மீனவர் மீதன்று.

கல்வித்துறையின் பங்கு இன்னும் நேரடியானது. நிலைமின்னியல் இன்றும் கண்ணாடித் தண்டும் பட்டுத்துணியுமாகவே வகுப்பறையில் அறிமுகமாகிறது. மின்தேக்கியின் ஆற்றலுக்கான வாய்பாட்டைப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாணவர் அறிவர். அந்த வாய்பாட்டில் மனித உடலின் 150 பிகோஃபாரட்டை இட்டுப் பார்க்கும் ஒரு கணக்கு பாடநூலில் இருந்தால், கடற்கரையிலிருந்து வரும் மாணவர் அன்று மாலை வீட்டிற்குப் போய்ச் சொல்ல ஒரு செய்தி இருக்கும். கொச்சியில் மீன்வளத் தொழில்நுட்பத்திற்கென்றே 1957 முதல் ஒரு மத்திய நிறுவனமும், கடல்சார் பயிற்சிக்கென்று 1963 முதல் மற்றொன்றும் இயங்குகின்றன. கப்பல் வடிவமைப்புத் துறைகள் காரக்பூரிலும் கொச்சியிலும் சென்னையிலும் உள்ளன. கண்ணாடியிழைப் படகில் மழையுடை அணிந்து நடப்பவரின் உடலில் மழைக்காலத்திலும் கோடையிலும் எத்தனை வோல்ட் ஏறுகிறது, துறைமுக பங்குகளில் விற்கப்படும் டீசலின் கடத்துதிறன் என்ன, துணி வடிகட்டியுள்ள பிளாஸ்டிக் புனல் எவ்வளவு மின்னூட்டத்தைச் சேர்க்கிறது என்பனவெல்லாம் ஓராண்டு முதுகலைத் திட்டப்பணிக்குள் அளந்துவிடக் கூடியவை. செலவு சிறிது; பயன் கைமேல் தெரியும். பெரிய நூல்களில் மேற்கோளாவதைவிடத் துறைமுகச் சுவரில் எழுதப்படுவது ஓர் ஆய்வுக்குக் குறைந்த பெருமையன்று.

விபத்து அறிக்கைகளிலும் ஒரு மாற்றம் வேண்டும். எரிபொருள் நிரப்புகையில் நேர்ந்த தீ என்றால், எந்தக் கலத்திலிருந்து எந்தக் கலத்திற்கு ஊற்றப்பட்டது, முன்பு அதில் என்ன இருந்தது, கேன் எதன்மேல் வைக்கப்பட்டிருந்தது, உலோகப் பகுதிகள் இணைக்கப்பட்டிருந்தனவா, உடனிருந்தவர் என்ன உடுத்தியிருந்தார் என்ற ஐந்து கேள்விகள் படிவத்தில் இருக்கட்டும். விடைகள் திரளத் திரளத்தான் நிலைமின்சாரத்தின் பங்கு பெரிதா சிறிதா என்பது தெரியவரும். ஒருவேளை சிறிதென்றே தெரியவரலாம். அப்போதும் அது அறிந்து சொல்லப்பட்ட முடிவாக இருக்கும். இன்றைய நிலையில் கேள்வி கேட்கப்படாததால், விடை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

கவனக்குறைவு என்ற சொல்லின் எடை அதைச் சுமப்பவருக்கே தெரியும். அது ஒரு குடும்பத்தின் துயரத்தோடு பழியையும் சேர்க்கிறது. இழப்பீட்டைக் கேட்க நிற்பவரின் குரலைத் தாழ்த்துகிறது. படகைக் கட்டியவரையும் விதி எழுதியவரையும் பாடம் நடத்தியவரையும் கேள்வியிலிருந்து விடுவிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, தோலுக்கு உணராத, எவரும் கற்றுத்தராத ஒன்றில் கவனமாக இருக்கவில்லை என்று ஒருவரைக் குற்றஞ்சாட்ட, அதை அறிந்திருந்தும் கரையிலேயே வைத்துக்கொண்டவர்களுக்குத் தகுதி இல்லை.